ஈரக் கால்சட்டை

"முன் அனுபவம்னு ஒரு இடம் இருக்குப்பா. என்ன எழுத?"

"வெண்ணாறுன்னு எழுது."

"ஆறு எப்படிப்பா அனுபவமாகும்?"

"வெள்ளத்துல போன ரெண்டு மாட்டையும் உங்க பெரியம்மாவையும் இழுத்துக் கரை சேத்தவன் நான். அது அனுபவம் இல்லையா?"

அம்சம் சிரித்துக்கொண்டே விண்ணப்பத்தில் 'வெண்ணாறு' என்று எழுதினாள். மாடுகளை இழுத்த பிறகுதான் பெரியம்மாவை இழுத்தார் என்பதை மட்டும் எழுதாமல் விட்டாள்.

தஞ்சாவூரில் புதிதாகத் திறந்த ஹோட்டல் ஒன்றின் நீச்சல் குளத்துக்கு ஆள் தேவைப்பட்டது. குளத்தைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும். விருந்தினருக்குத் துண்டு எடுத்துத் தர வேண்டும். யாரேனும் மூழ்கினால் குதித்துத் தூக்க வேண்டும். அம்சத்தின் தந்தை செல்லதுரையோ, நீடாமங்கலத்தை அடுத்த சிற்றூரில் நெல் விளைவித்தவர். அவர் ஏன் துண்டு எடுத்துத் தரும் வேலைக்குப் போக வேண்டும்?

ஏனெனில், இப்போது அவரிடம் நிலம் இல்லை. தம் தகப்பனார் காலத்திலிருந்து குத்தகைக்கு உழுத மூன்று மா நிலத்தை, ஏறக்குறைய ஒரு ஏக்கரை, நிலக்காரர் திருப்பிக் கேட்டார். "இவர் குத்தகைக்காரர் அல்லர், வெறும் கூலியாள்" என்று வழக்குத் தொடுத்தார். "ஆமாம், கூலியாள்தான்" என்று நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர், அதே தெருவில் குடியிருந்த அரசப்பன். 'உழுபவனுக்கே நிலம்' என்று கட்சிக்காரர்கள் ஊர்ச் சுவர்களில் மாறி மாறி எழுதினார்கள். சுவர்களுக்கு வண்ணம் கிடைத்தது. செல்லதுரைக்கு நிலம் கிடைக்கவில்லை.

வழக்கு முடிந்ததும் நிலக்காரர் எல்லா வயல்களையும் விற்றுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். அவரிடம் வேலை பார்த்த அரசப்பனுக்கும் பிழைப்புப் போயிற்று.

அதிலிருந்து இரண்டு வீட்டாரும் பேசுவதில்லை. அம்சமும் அரசப்பனின் மகள் ராஜாத்தியும் ஏழாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் அமர்ந்தும் பேசுவதில்லை. ஆனால், ராஜாத்தி ஆசிரியையிடம் சொன்னது அம்சத்தின் காதில் விழுந்திருந்தது. "மாசக் கடைசியோட நின்னுடுறேன் டீச்சர். திருப்பூர்ல ஒரு வீட்டுல குழந்தையைப் பாத்துக்கப் போறேன்."

சனிக்கிழமை தந்தையும் மகளும் ஹோட்டலுக்குப் போனார்கள். அவ்வாண்டும் மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. வெண்ணாற்றில் மணல்தான் கிடந்தது. இங்கோ, குளிக்க ஆளில்லாமல் ஒரு குளம் நிறையத் தண்ணீர் நீலமாகக் கிடந்தது.

"இது எத்தனை மா நாத்தங்காலுக்குப் பாயும்பா?"

"பேசாம இரு" என்றார் செல்லதுரை. ஆனால், அவர் கண்ணும் அதைத்தான் அளந்துகொண்டிருந்தது.

மேலாளர் ஆனந்தவல்லி, குளத்தின் அடியில் கிடந்த செங்கல் ஒன்றைக் காட்டினார். நீந்திப் போய் அதை எடுத்து வர வேண்டும். செல்லதுரை நாடா வைத்த கால்சட்டையோடு இறங்கி, அதை எடுத்து வந்தார்.

"நல்லா நீந்துறீங்க. ஏன் தலையைத் தூக்கிக்கிட்டே போனீங்க?"

"கட்டை கிட்டை அடிச்சுக்கிட்டு வருதான்னு பாக்கணும்லங்க."

"இங்க வராதுங்க" என்று சிரித்தார் ஆனந்தவல்லி. "அடுத்தவர் வாங்க!"

வந்தவர் அரசப்பன்.

வேட்டி மாற்றிக்கொண்டு நின்ற செல்லதுரையின் முகம் கறுத்தது. அரசப்பனும் தலை நிமிரவில்லை.

"வேட்டியோட இறங்கக் கூடாதுங்க" என்றார் ஆனந்தவல்லி அரசப்பனிடம். "நூல் போய்க் குழாய்ல அடைச்சுக்கும். டவுசர் இல்லையா?"

"இல்லைங்க. இறுக்கிக் கட்டிக்கிறேனே."

"இது என்ன, சேறு மிதிக்கிற எடமாய்யா?" என்று காவலாளி உரக்கச் சிரித்தார்.

"அப்ப முடியாதுங்க. நீங்க போகலாம்" என்றார் ஆனந்தவல்லி.

அரசப்பன் செருப்பைத் தேடினார்.

அவர் போய்விட்டால் வேலை அப்பாவுக்குத்தான். அது அம்சத்துக்குத் தெரியும். ராஜாத்தி திருப்பூருக்குப் போய்விடுவாள் என்பதும் தெரியும். அப்பாவின் ஈரக் கால்சட்டை அவள் கையில் இருந்தது.

"அப்பா, குடுக்கட்டுமா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்று செல்லதுரை மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்சம் ஓடினாள். "சித்தப்பா, இதைப் போட்டுக்கங்க. நாடாவை இழுத்துக் கட்டுனா உங்களுக்கும் சேரும்."

வழக்குக்குப் பிறகு அவள் அவரைச் 'சித்தப்பா' என்று கூப்பிட்டதில்லை. அவருக்குக் கை நீளவில்லை. "உங்கப்பா..."

"அவருக்குக் காது கேக்கலையாம்."

அரசப்பன் நீர்நாய் போல நீந்தினார். பார்த்தவர்கள் மூச்சு விடுவதற்குள் செங்கல் மேலே வந்துவிட்டது. காவலாளியின் சிரிப்பு நின்றது.

ஆனந்தவல்லி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒருத்தரைத்தான் எடுக்க முடியும். அரசப்பன், நீங்க திங்கக்கிழமை வந்துடுங்க."

என்ன இருந்தாலும் அப்பாதான் வெல்வார் என்று அம்சம் உறுதியாக நம்பியிருந்தாள்.

அரசப்பன் அருகில் வந்தார். "அண்ணே, அன்னைக்குக் கோர்ட்டுல நான்..."

"அதை இப்பப் பேசாத" என்றார் செல்லதுரை. "முதல்ல டவுசரைப் பிழிஞ்சு குடு. பஸ்ஸெல்லாம் சொட்டும்."

பேருந்தில் அம்சம் மெல்லக் கேட்டாள்: "கோபமாப்பா?"

"கோபந்தான்."

"எம்மேலயா?"

வெளியே வயல்கள் வெடித்துக் கிடந்தன. அவர் அவற்றைப் பார்த்தபடியே, "உம்மேல இல்லம்மா" என்றார். யார் மேல் என்று சொல்லவில்லை.

மாதக் கடைசியில் ஒருவர் ஊரை விட்டுப் போனார். ராஜாத்தி அல்லள், செல்லதுரை. கட்டட வேலைக்காக நீடாமங்கலத்தில் எர்ணாகுளம் ரயில் ஏறினார். ரயில் வளைவில் திரும்பும்வரை அம்சம் கையசைத்தாள். திரும்பிய பிறகும் அசைத்தாள்.

மறுநாள் வகுப்பில் அவள் கண்ணீர் நிற்கவே இல்லை. ராஜாத்தி பெஞ்சில் நகர்ந்து, அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"டீச்சர் கேட்டா, தூசி விழுந்துடுச்சுன்னு சொல்லிடவா?"

"ரெண்டு கண்ணுலயுமா?"

"நீ பேசாம இரு. நான் பாத்துக்கிறேன்."

ஆசிரியை ரசியா பேகம் நிமிர்ந்து பார்த்தார். "அம்சம், ஏம்மா அழுற?"

ராஜாத்தி எழுந்து நின்றாள். "அழலைங்க டீச்சர். தூசி. ரெண்டு கண்ணுலயும்."

ஆசிரியை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி, ரெண்டு பேரும் போய் மூஞ்சியைக் கழுவிக்கிட்டு வாங்க" என்றார்.

ராஜாத்தியின் கண்ணிலும் தூசி விழுந்திருந்தது.