குளக்கரையில் நின்ற நாலு பேர்

சிலையின் இடது காலில் சுண்டுவிரல் இல்லை.

உடைந்ததாகத் தெரியவில்லை. உடைந்திருந்தால் அந்த இடம் சொரசொரவென்று கடித்துத் துப்பியது போல் இருக்கும். இது வழவழவென்று, புண் ஆறி நாலாவது விரலோடு தோல் இழுத்துக்கொண்டு மூடியது போல் இருந்தது. முத்தாயி ஈரப் புல்லில் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வந்தவர்கள் அவளை இடித்துக்கொண்டு போனார்கள்.

"என்னடி அங்கேயே நின்னுட்ட? தேத்தண்ணி ஆறிப்போயிரும், வா லா," என்றாள் பக்கத்து வீட்டுச் சுப்பம்மா.

"நீ போக்கா. வர்றேன்."

மகாராணிக்கு முடிசூட்டும் நாள் என்று அன்றைக்குத் தோட்டத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். மலாயாவில், பெம்பானுக்கும் அப்பால் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் கூலிகள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குச் சங்கு ஊதினால் வாசலைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு வெளியே நடமாடுகிறவனைச் சுடலாம் என்று சட்டம். அப்படி அடைந்து கிடந்த சனத்துக்கு ஒரு சந்தோஷம் தரலாம் என்று நினைத்த புது துரை, பங்களாவுக்குப் பின்னால் இருந்த பெரிய பூந்தோட்டத்தை அன்று மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்தரை வரைக்கும் திறந்துவிடச் சொன்னார்.

முப்பது ஏக்கர். பழைய துரை இருபது வருஷமாக வளர்த்தது. அவர் இருந்தவரைக்கும் லயத்து ஆள் ஒருவர்கூட அதற்குள் கால் வைத்ததில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றக்கூட வெளியூரிலிருந்துதான் ஆள் வரும். போன வருஷம் அவர் கப்பலேறிப் போய்விட்டார். இப்போது நூற்றைம்பது பேர் துவைத்த வேட்டியும் சேலையுமாக, ஆபீஸ் கணக்கு எழுதும் பெரிய கிராணி ரங்கசாமியின் கறுப்புக் குடைக்குப் பின்னால் வரிசையாக நடந்தார்கள். மழை விட்டு அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது. சிலோனிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வந்த மரங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு தகரத்துண்டு ஆணியடித்துத் தொங்கியது. இலைகள் விட்டுவிட்டுச் சொட்டின. அழுகிய பூவின் இனிப்பு வாடை தொண்டைக்குள் இறங்கி அங்கேயே தங்கியது. வளைவுக்கு வளைவு வெள்ளைப் பளிங்கில் சீமைப் பெண்களும் சிங்கங்களும் பாசி படர்ந்து நின்றன. அதைப் பார்த்துச் சனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

குளக்கரைக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. அங்கே நின்ற நாலும் சிமெண்டுச் சிலைகள். நாலும் தோட்டத்து ஆட்கள். ஒருவன் ரப்பர் பால் வெட்டும் கத்தியோடு, ஒருவன் தோளில் வாளி சுமந்து, ஒருவன் மண்வெட்டியோடு. நாலாவது ஆள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றான். நாலு பேருக்கும் ஒரே சிரிப்பு.

"இது பழைய துரை தன் கையால செஞ்சது," என்று ரங்கசாமி குடையை உயர்த்திக் காட்டினார். "அதோ, அந்த மூலைக் கொட்டகைய உள்ள பூட்டிக்கிட்டு ராப்பகலா செய்வாரு. யாரையும் கிட்ட விடமாட்டாரு. சிமெண்டு மூட்டை வாங்கிக் குடுத்தது மட்டும்தான் நான். தொடாதீங்க. நடங்க, நடங்க."

முத்தாயியின் புருஷன் வீரமுத்துவுக்கு இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் ரோட்டுக்குப் பிடித்துக்கொண்டு போன இடத்தில் தண்டவாளம் விழுந்து நசுங்கி, புழு வைத்து, கூட இருந்தவனே கத்தியால் அறுத்தெடுத்த விரல் அது. அப்படியும் பிழைத்து வந்தார். வந்து தொழிலாளர் சங்கம் வைத்தார். நாற்பத்தொன்பதில் ஒரு சாயங்காலம் வாசலில் ஆள் வந்து, 'துரை கூப்பிடுறாரு' என்றான். சட்டையை மாட்டிக்கொண்டு போனவர்தான். அந்த வாரத்திலேயே இன்னும் மூன்று பேர் அதே மாதிரி போனார்கள். சுப்பம்மாவின் தம்பி இருளாண்டியும் அதில் ஒருவன். நாலு பேரும் காட்டுக்காரனோடு, காட்டில் துப்பாக்கி தூக்கித் திரிந்த கம்யூனிஸ்டுகளோடு, சேர்ந்துவிட்டார்கள் என்று ஆபீஸில் எழுதி வைத்தார்கள்.

முத்தாயி நிமிர்ந்தாள். கிராணி திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"ஐயா, இந்தச் சிலை எந்த வருஷத்துல வச்சது?"

"உனக்கெதுக்கு?"

"காலைப் பாத்தேன்."

"சிமெண்டுதானே, அடிபட்டு உடைஞ்சிருக்கும்." அவர் காலைப் பார்க்காமலேயே சொன்னார். எந்தக் கால் என்றும் கேட்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குக் காலையில ஆபீசுக்கு வா. புருஷன் காட்டுக்குப் போனான்னு அந்தக் காயிதத்துல கைநாட்டு வச்சிட்டுப் போ. எத்தனை தடவை சொல்றது? வைக்கலைன்னா லயம் கிடையாது. லாரியில ஏத்துவாங்க, அப்புறம் ஊருக்குக் கப்பல்தான்."

"அவரு காட்டுக்குப் போகலைங்கய்யா."

"நீ பாத்தியா?"

"சயாம் காட்டைப் பாத்தவரு. இனிமே எந்தக் காட்டுலயும் காலு வைக்கமாட்டேன்னு சொன்னவரு. நான் வைக்கமாட்டேன் கைநாட்டு."

ரங்கசாமி குடையை மடக்கினார். மடக்கும்போது அவர் விரல்கள் கம்பியில் இரண்டு முறை வழுக்கின.

எல்லோரும் பங்களா பக்கம் போனார்கள். அங்கே பெரிய அண்டாவில் தேத்தண்ணியும் கூடை கூடையாக ரொட்டியும் வைத்திருந்தது. குழந்தைகள் சத்தமும் தட்டுச் சத்தமும் மரங்களுக்கு அந்தப் பக்கம் கேட்டன. முத்தாயி ஒரு பெரிய பனை மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினாள். கடைசி ஆளும் வளைவில் மறைந்ததும் குளக்கரைக்குத் திரும்பினாள்.

தனியாக வந்தபோது அந்த இடம் வேறு மாதிரி இருந்தது. குளத்துத் தண்ணீர் இலைப்பாசியால் மூடி, மேலே ஒரு நீர்ப்பூச்சிகூட ஓடாமல் கிடந்தது. பூவாடைக்கு அடியில் வேறு ஒரு வாடை, பூட்டிய பெட்டியைத் திறந்தால் வருவது போல, பழைய துணியும் சுண்ணாம்பும் கலந்தது போல, மெல்ல எழுந்து மூக்குக்குள் வந்தது. எங்கோ ஒரு பழம் விழுந்து தண்ணீர் 'ளொக்' என்றது. அவள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி சிலையைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது. வீரமுத்து அப்படிச் சிரிக்கவே மாட்டார். அவர் சிரித்தால் ஒரு பக்கம்தான் ஏறும். இது இரண்டு பக்கமும் சமமாக, யாரோ கொத்தனார் கரண்டியால் இழுத்துவிட்ட சிரிப்பு.

உதட்டோரத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. அதிலிருந்து கறுப்பு எறும்புகள் வந்தன. வரிசையாக வந்தன. கழுத்து வழியாக இறங்கின. வேறொரு வரிசை ஏறி உள்ளே போனது.

சிமெண்டுக்குள் எறும்புக்கு என்ன வேலை?

முத்தாயி கையை நீட்டினாள். மடக்கிய விரலால் சிலையின் மார்பில் ஒரு தட்டு தட்டினாள்.

டொக்.

காலிப் பீப்பாய்ச் சத்தம்.

மறுபடி தட்டினாள். உள்ளே ஏதோ அசைந்தது. அசைந்து, வழுக்கி, கீழே எங்கோ போய் இன்னொன்றின் மேல் இடித்து நின்றது. காய்ந்த தேங்காய்ச் சிரட்டை உருளுகிற சத்தம்.

அவள் ஓடினாள்.

எப்போது திரும்பினாள், எப்படி ஓடினாள் என்று தெரியாது. பத்து எட்டு வைத்திருப்பாள். சேலை காலைத் தடுக்கியது. பனை மரத்தைப் பிடித்துக்கொண்டாள். பங்களா பக்கம் யாரோ பாட்டுப் போட்டிருந்தார்கள். ஓடிப் போனால் சனம் இருக்கும். தேத்தண்ணி இருக்கும். நாளைக்குக் கைநாட்டு வைத்தால் லயம் இருக்கும்.

நாலு வருஷம். காட்டுக்காரன் பெண்டாட்டி என்று பெயர். குழாயடியில் மற்றவர்கள் பிடித்த பிறகுதான் அவளுக்குத் தண்ணீர். ராத்திரி எந்த நாய் குரைத்தாலும் அவர்தான் வருகிறாரோ என்று எழுந்து உட்கார்ந்த நாலு வருஷம்.

இங்கே நின்றிருக்கிறார். கூப்பிடு தூரத்தில்.

பயம் போகவில்லை. அதையும் தூக்கிக்கொண்டுதான் அவள் திரும்பி நடந்தாள். பூப்பாத்தி ஓரத்தில் வெள்ளையடித்து வரிசையாகப் பதித்திருந்த கற்களில் ஒன்றை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். இரண்டு கைக்கும் நிறைந்த கல். சிலைக்கு முன்னால் நின்று ஓங்கினாள். ஓங்கிய கை நின்றுவிட்டது. என்ன இருந்தாலும் முகம். முகத்தில் அடிக்க அவளால் முடியவில்லை.

பின்பக்கம் போனாள். பீடத்தில் ஏறினாள். பின்தலையில் அடித்தாள்.

சத்தம் குளத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. பங்களா பக்கம் பாட்டு நின்றது.

மறுபடி அடித்தாள். மறுபடி. உள்ளங்கை கிழிந்து கல் வழுக்கியது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு அடித்தாள்.

"ஏய்! என்ன பண்றே! நிறுத்து!"

ரங்கசாமி ஓடி வந்தார். பின்னால் சனம். துப்பாக்கியோடு காவலுக்கு நின்ற மலாய்க்காரக் கான்ஸ்டபிளும் வந்தான். ஆனால் பீடத்தின் மேல் ரத்தக் கையோடு நின்றவளைப் பார்த்ததும் துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டான்.

"இறங்கு முத்தாயி! துரை சொத்து! ஜெயில்ல போட்டுருவாங்க!"

"போடட்டும்யா."

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு. யாராச்சும் அவளை இறக்குங்கடா!"

யாரும் அசையவில்லை. முத்தாயி மூச்சு வாங்கிக்கொண்டு அவர்களைப் பார்த்தாள். "உள்ள ஆள் இருக்கு," என்றாள்.

ஐந்தரைச் சங்கு ஊதியது. பூந்தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டிய சங்கு. சங்கு ஊதி முடியும் முன்னால் அவள் கடைசி அடியை அடித்தாள்.

பின்தலை முழுசாகப் பெயர்ந்து புல்லில் விழுந்தது.

மேகம் விலகி, மேற்கே இறங்கிக்கொண்டிருந்த வெயில் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து நேராக அந்தப் பொந்துக்குள் விழுந்தது. தலைக்குள் ஒன்றுமில்லை; தட்டியபோது உருண்டது கீழே போயிருந்தது. கழுத்துக் குழியில் கொஞ்சம் முடி, எறும்புகள், மஞ்சளாக ஒரு பல். அதற்கு மேலே, வெளியே சிரித்துக்கொண்டிருந்த முகத்தின் உள்பக்கம்.

அது சிரிக்கவில்லை.

ஈரச் சிமெண்டில் ஒரு முகம் அழுந்திப் பதிந்திருந்தது. புருவத்தின் ஒவ்வொரு மயிரும். இறுக்கி மூடிய கண்ணின் சுருக்கங்கள். வீரமுத்துவின் இடது கன்னத்து அம்மைத் தழும்பு. வாய் திறந்திருந்தது. எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு. அந்த வாயைச் சுற்றிச் சிமெண்டில் சின்னச் சின்னக் குமிழ்கள் உடைந்து அப்படியே காய்ந்திருந்தன.

குமிழ்கள்.

மூச்சு.

முத்தாயி பீடத்திலிருந்து இறங்கி, ஒதுங்கி நின்று, எல்லோரும் பார்க்கட்டும் என்று வழி விட்டாள்.

"வாங்க," என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக, கணீரென்று வந்தது. "வந்து பாருங்க. காட்டுக்கு ஓடிப்போன ஆளை வந்து பாருங்க."

ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். சுப்பம்மா முதலில் வந்தாள். எட்டிப் பார்த்தாள். பிறகு அவள் அடுத்த சிலையைத் திரும்பிப் பார்த்தாள். அதற்கடுத்ததை. கையைக் கட்டிக்கொண்டு நின்ற நாலாவதை. அது குட்டையாக, வலது தோள் சற்றே இறங்கி, இருளாண்டி நிற்பது போலவே நின்றது. அவள் குனிந்து, புல்லில் கிடந்த கல்லை எடுத்தாள்.

"அக்கா, முகத்துல அடிக்காதே," என்றாள் முத்தாயி.

"தெரியும்டி," என்று சொல்லிவிட்டுச் சுப்பம்மா நாலாவது சிலையை நோக்கி நடந்தாள்.

கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். ஒரு ஆள்கூட வாசல் பக்கம் போகவில்லை. ஆறு மணிக்குப் பூட்டட்டும், சுடட்டும் என்பது போல அந்த நூற்றைம்பது பேரும் குளக்கரையில் வேர்விட்டு நின்றார்கள். கொஞ்ச தூரத்தில் சிமெண்டில் கல் விழுகிற சத்தம் கேட்கத் தொடங்கியது.

ரங்கசாமி மட்டும் நழுவப் பார்த்தார். கூட்டம் வழி விடாததால் சிலைக்குப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் அவர் போக வேண்டியிருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே நாலு எட்டு வைத்தவர், என்ன நினைத்தாரோ, தலையைத் தூக்கி அந்தப் பொந்தைப் பார்த்துவிட்டார்.

நின்றார்.

இடது பக்கம் ஓர் எட்டு நகர்ந்தார். பொந்துக்குள் இருந்த முகம் இடது பக்கம் திரும்பியது.

வலது பக்கம் நகர்ந்தார். அதுவும் நகர்ந்தது.

"ஐயோ," என்றார் ரங்கசாமி. குடை கையிலிருந்து விழுந்தது. பின்னால் நகர்ந்தார். ஓடி வளைவைத் தாண்டப் பார்த்தார். சனமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றது. சிமெண்டுக்கு உள்ளே, மூடிய கண்ணும் திறந்த வாயுமாக, அந்த முகம் அவர் போன பக்கமெல்லாம் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டே இருந்தது.