வெந்நீர் பார்க்காத கிழங்கு

பலகைகளைச் சேர்த்துக் கட்டிய நாடா, காலையில் கட்டியதைவிட இறுக்கமாக இருந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. காட்டிலிருந்து வரும் செடிகளைச் செய்தித்தாளில் விரித்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே அழுத்திக் காயவைத்து, பிறகு அட்டையில் தைப்பது ஆராய்ச்சி நிலையத்தில் அவள் வேலை. செடி காயக் காய நாடா தளரும். இறுகி அவள் பார்த்ததே இல்லை.

நிலையத்தில் உலர்த்தும் அறை பழுதாகிவிட்டதால் பலகையை வீட்டுக்குத் தூக்கிவந்திருந்தாள். இந்த மழையில் வீட்டில் ஒழுகாத இடம் மகளின் கட்டிலடி ஒன்றுதான். மேலே காய்ச்சலில் மகள் அனத்திக்கொண்டிருந்தாள். சாயங்காலமே இருட்டிப்போய், கரண்ட்டும் போய், மழைச் சத்தத்துக்கு அடியில் தாளோடு தாள் உரசும் இன்னொரு சத்தம் கேட்க, கட்டிலடியிலிருந்து ஈரமண்ணும் மக்கிய இலையும் கலந்த வாசனை மெல்ல அறை முழுக்கப் பரவியது.

செடியைக் கொண்டுவந்தவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அந்தச் செங்காந்தளை வெந்நீர்ல முக்கித்தானே குடுத்தீங்க?"

"நான் எங்கம்மா முக்கினேன்? காட்டோரப் புதர்ல தோண்டுனேன், அப்படியே குடுத்தேன். அது உன் வேலையாச்சே?"

அவள் வேலைதான். கிழங்குச் செடியைக் கொதிநீரில் முக்கிக் கொன்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தத்திலும் அது பாட்டுக்கு வளரும். மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்ததும் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் கிளம்பியவள், அதை அடியோடு மறந்துவிட்டாள்.

"பாப்பா கிட்ட விட்டுடாதே. அதுலேர்ந்து மூட்டுவலிக்கு மருந்து எடுக்குறாங்கதான், ஆனா ஒரு துண்டு உள்ள போனா ஆளே காலி."

பலகையை இழுத்து நாடாவை அவிழ்த்தாள். தாள்கள் நனைந்து கனத்திருந்தன. கிழங்கு வெள்ளையாக, கொழுகொழுவென்று இருந்தது. அதிலிருந்து வெளிறிய தண்டு ஒன்று தாள்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து விளிம்பைத் தாண்டி வெளியே போயிருந்தது.

டார்ச்சை அடித்தாள்.

செங்காந்தளுக்கு இலைநுனிதான் கை. தொட்டதைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறும். கட்டில் காலைச் சுற்றியிருந்தது. விரிப்பின் ஓரத்தை. போர்வையின் நூலை.

போர்வையை விலக்கினாள். தண்டு மகளின் முழங்கை வரை போயிருந்தது. அதற்கு மேல் தண்டு இல்லை. தோல்தான் இருந்தது. தோலுக்கடியில் ஒரு பச்சைக் கோடு.

கத்தரிக்கோலை எடுத்து, தரையோரமாகத் தண்டை வெட்டினாள்.

"அம்மா, வலிக்குது," என்றாள் மகள்.

"எங்கடி கண்ணு?"

மகள் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினாள். சுடும் விரல் ஒன்று அம்மாவின் மணிக்கட்டைத் தொட்டது. வளைந்தது.

ஒரு சுற்று.

விரல் மெலிந்தது. நீண்டது.

இன்னொரு சுற்று.