எட்டாவது சாவி

போன் அலறியது!

'பூட்டு டாக்டர்' என்று போர்டு மாட்டிய அந்தச் சின்னக் கடைக்குள், அரத்தைக் கீழே வைத்துவிட்டு டாக்டர் ரிசீவரை எடுத்தார். அவருக்கு வேறு பெயர் இருந்தது. அது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

"ஹலோ..."

"ஸ்டேஷன்ல இருந்து இன்ஸ்பெக்டர் பேசறேன்."

டாக்டர் சட்டென்று எழுந்து நின்றார்.

"சா... சார்?"

"ஏன்யா நடுங்கறே? பழைய காலத்து இரும்புப் பெட்டி ஒண்ணு இருக்கு. சாவி தொலைஞ்சுபோச்சு. புதுசா ஒண்ணு செஞ்சு கொடுக்கணும். உடனே வா!"

அப்பாடா! வேலைதான்!

பையைத் தூக்கிக்கொண்டு உற்சாகமாகக் கிளம்பியவர், ஸ்டேஷனின் பின் அறைக்குள் கால் வைத்ததும் கல்லாய்ச் சமைந்தார்.

அதே பெட்டி!

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, புத்தி கெட்டுப்போய் ஒரு பங்களாவுக்குள் நுழைந்தாரே... அங்கே அவர் திறந்த பெட்டி! அன்றைக்குப் பட்ட பாட்டில் மனிதர் அடியோடு திருந்திவிட்டார். இன்றைக்கு நாலு பேர் மதிக்கிறார்கள். அடுத்த வாரம் மகளுக்குக் கல்யாணம்.

இப்போது போய் மாட்டினால்?

பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். பங்களாவின் சொந்தக்காரி.

"பத்து நாளா இதே கதை இன்ஸ்பெக்டர்! சாவி தொலைஞ்சுபோச்சு, சாவிக்காரன் வர்றான்... என் பெட்டியை எப்பத்தான் தருவீங்க?"

"இன்னைக்குக் கண்டிப்பாம்மா. திறந்து காட்டித்தான் ஒப்படைக்கணும்னு கோர்ட் உத்தரவு." இன்ஸ்பெக்டர் டாக்டர் பக்கம் திரும்பினார். "இது பழைய திருட்டு கேஸ்யா. இந்தப் பெட்டியில இருந்த வைர நெக்லஸைக் காணோம்னு இந்தம்மா புகார் கொடுத்தாங்க. திருடன் சிக்கலை. என்னைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திட்டாங்க. போன மாசம்தான் திரும்பி வந்தேன்."

"அ... அடடா! எந்தப் படுபாவி சார் அது?" என்றார் டாக்டர், பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

பெட்டியின் முன்னால் பெரிய சாவித் துவாரம் இருந்தது. அது போலி! நிஜத் துவாரம், பித்தளைக் குமிழ்களில் மூன்றாவதுக்கு அடியில் ஒளிந்திருந்தது. நேராக அதில் கை வைத்தால்... கம்பி எண்ண வேண்டியதுதான்!

டாக்டர் நடிக்க ஆரம்பித்தார்.

போலித் துவாரத்துக்குள் ஊதினார். கம்பியை விட்டுக் குடைந்தார். தலையைச் சொறிந்தார். எண்ணெய் கேட்டார். அப்புறம் காபி கேட்டார்.

"என்னய்யா, முடியுமா முடியாதா?"

"பொல்லாத பூட்டு சார்! இந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை!"

ஒரு மணி நேரம் கழித்து, அலுத்துப்போனவர் மாதிரி பெட்டி மேல் சாய்ந்தார். அவர் முழங்கை 'தற்செயலாக' மூன்றாவது குமிழில் பட்டது. குமிழ் நகர்ந்தது.

"அட! இங்கே பாருங்க சார்! இன்னொரு ஓட்டை!"

"பெரிய கில்லாடிய்யா நீ!"

"ஐயோ... எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம் சார்!"

அதற்கப்புறம் நடிக்க வேண்டியதில்லை. வெட்டாத சாவியை மெழுகுவத்திச் சுடரில் காட்டிக் கரி பிடிக்க வைத்தார். துவாரத்துக்குள் விட்டுத் திருப்பினார். வெளியே எடுத்து, கரி அழிந்த இடத்தை மட்டும் அரத்தால் ராவினார். மறுபடியும் கரி... மறுபடியும் அரம்...

க்ளிக்!

"சபாஷ்!" என்றபடி இன்ஸ்பெக்டர் மூடியின் விளிம்பைப் பிடித்தார்.

டாக்டருக்கு அந்த மூடியைத் தெரியும்.

மூடியைத் தூக்கினால் உள்ளிருந்து ஒரு கத்தி பாயும்! திருடர்களுக்காக அந்தக் காலத்திலேயே வைத்த பொறி. அன்றைக்கு அவர் மயிரிழையில் தப்பினார்.

வாயை மூடிக்கொண்டிரு... உன் மகள் கல்யாணம் நடக்கும்... விரல் போனால் போகட்டும், அவர் விரல்தானே...

மனசு சொன்னதை வாய் கேட்கவில்லை.

"கையை எடுங்க சார்! கத்தி!"



இன்ஸ்பெக்டர் கையை எடுக்கவில்லை. சாவகாசமாக மூடியைத் தூக்கினார்.

எதுவும் பாயவில்லை!

"எந்தக் கத்திய்யா?"

"அ... அது..."

"அன்னைக்கே கழட்டி கோர்ட்ல ஒப்படைச்சாச்சு. இந்தம்மாகூடக் கையெழுத்துப் போட்டிருக்காங்க." இன்ஸ்பெக்டர் பாக்கெட்டிலிருந்து துருப்பிடித்த சாவி ஒன்றை எடுத்தார். "இது பெட்டியோட ஒரிஜினல் சாவி. தொலையவே இல்லை!"

மேஜை டிராயரைத் திறந்தார். ஏழு புத்தம்புதுச் சாவிகள் பளபளத்தன.

"பூட்டு உடையலை. உள்ளே மெழுகுவத்திக் கரி. வந்தவன் சாவி செய்யத் தெரிஞ்சவன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. இந்தப் பத்து நாள்ல ஏழு சாவிக்காரங்களை வரவழைச்சேன். நான் மூடியைத் தூக்கறப்போ ஒருத்தன் கொட்டாவி விட்டான், ஒருத்தன் போனைப் பார்த்தான். நீ எட்டாவது ஆளு. நீதான் பதறினே!"

டாக்டர் தொப்பென்று தரையில் உட்கார்ந்தார். மகளின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

அம்மாள் துள்ளி எழுந்தார்.

"இவன்தானா? அடப்பாவி! என் வைர நெக்லஸ்! இவனை உள்ளே தள்ளுங்க!"

டாக்டருக்குச் சுருக்கென்றது. செய்த தப்புக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி... செய்யாததுக்குமா?

"எந்த நெக்லஸ்? முதுகு ஒடிய மூணு மணி நேரம் சாவி செஞ்சு, கத்தியில இருந்து தப்பிச்சு உள்ளே பார்த்தா... காலிப் பெட்டிம்மா! ஒரு குண்டூசி கிடையாது! எனக்கு அழுகையே வந்துடுச்சு!"

இன்ஸ்பெக்டர் முகம் முழுக்கச் சிரிப்பு.

"இந்த ஒரு வார்த்தைக்குத்தான்யா இத்தனை சாவி!"

அம்மாளின் கைக்குட்டை அப்படியே நின்றது.

"போன மாசம் ஒரு கல்யாண போட்டோவுல அதே நெக்லஸ் உங்க கழுத்துல இருந்ததும்மா. கேட்டா, அதே மாதிரி புதுசா செஞ்சதுன்னீங்க. பெட்டி காலியா இருந்துச்சுன்னா பழசு எங்கே போச்சு? திருட்டுப் போச்சுன்னு பொய் சொல்லி இன்ஷூரன்ஸ்காரனை ஏமாத்தினது போதாதா?"

"தி... திருட வந்தவன் பேச்சை எவன் நம்புவான்?"

"தான் மாட்டிக்குவோம்னு தெரிஞ்சும் என் விரலைக் காப்பாத்தக் கத்தினவன்மா இவன். ஜட்ஜ் நம்புவார்."

அம்மாள் நாற்காலியில் சரிந்தார்.

டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார்... அடுத்த வாரம் பொண்ணுக்குக் கல்யாணம்..."

"ஜாம்ஜாம்னு நடத்து. காலிப் பெட்டியைத் திறந்தவனை ஒன்பது வருஷம் தேடிப் பிடிச்சேன்னு சொன்னா என்னைப் பார்த்துத்தான் சிரிப்பாங்க. நீ எனக்குச் சாட்சிய்யா, சாட்சி!"

டாக்டருக்குக் கண் கலங்கியது. போன உயிர் திரும்பி வந்தது.

"எப்ப சார் கோர்ட்டுக்கு வரணும்?"

"திங்கக்கிழமை பத்து மணிக்கு. அப்புறம், சீக்கிரமே வந்துட்டேன்னு வை... கோர்ட் கதவு பூட்டியிருந்தா, தயவுசெஞ்சு வெளியிலேயே நில்லு!"