குலுக்கு இறக்கம்

"இன்னிக்குக் காலையில என் சைக்கிள் டயர் ரெண்டு வாளி ரப்பர்ப் பால் குடுத்துச்சு. வெட்டினது நான் இல்ல. அம்பத்தி ரெண்டு வருசத்துக்கு முன்னால செத்துப்போன எங்க அக்கா."

பத்துமலை இதைச் சொன்னபோது ஈப்போ ஜெலாப்பாங்கில் தினேஸ்வரியின் தேநீர்க் கடையில் இருந்த ஈக்கள்கூட நம்பவில்லை. ஒன்றிரண்டு எழுந்து அடுத்த மேசைக்குப் போயின. அவர் சங்கதி ஊருக்கே தெரியும். கிந்தா ஆற்றில் அவர் என்றோ பிடித்த கெளுத்தி மீன், செத்துச் சட்டியேறிய பிறகும் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு முழம் வளர்ந்துகொண்டிருந்தது.

"பத்து அண்ணே, போற வழியிலதானே தஞ்சோங் ரம்புத்தான்?" என்றாள் நவமணி. அந்த ஊர் மனநல மருத்துவமனையில் முப்பது வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். முட்டி வலியால் அன்றைக்குச் சைக்கிள் எடுக்கவில்லை. "திரும்பி வரும்போது உள்ள பூந்து நல்ல கட்டிலா ஒண்ணு பாத்துட்டு வந்திருக்கலாம் லா."

கடை சிரித்தது. பத்துமலையும் சிரித்தார்.

"பஞ்சர் ஆச்சு, வந்தோம். அவ்வளவுதான்" என்றார் எதிரே இருந்த அடைக்கப்பன். அந்தக் காலை பத்துமலையோடு போனவர் அவர் ஒருவர்தான். சாட்சி சொல்ல உலகத்திலேயே ஒரு ஆள், அந்த ஆளும் இப்படி.

சாட்சி என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நில அலுவலகத்தில் ஒரு விசாரணை இருந்தது. பத்துமலை பிறந்த மேட்டுத் தோட்டத்தைக் கடைசியாக வாங்கியவர்கள் அங்கே வீடுகள் கட்டப் போகிறார்கள். அந்த மண்ணில் தோட்டத்து ஜனங்களின் பழைய இடுகாடு இருக்கிறது, அதைத் தோண்டாமல் வேலி போட்டு விடுங்கள் என்று பத்துமலை மனுப் போட்டிருந்தார். அவர் அக்கா முத்தம்மா அங்கேதான் கிடக்கிறாள். ஆனால் "இத்தோட்டத்தில் இடுகாடு ஏதும் இல்லை" என்று ஒரு பழைய கடிதம் குறுக்கே நின்றது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் தோட்டத்தை விற்றபோது முதலாளி வீட்டார் எழுதிக் கொடுத்தது. கீழே முத்துமுத்தாகக் கையெழுத்து: அடைக்கப்பன்.

அந்த அடைக்கப்பனோடுதான் பத்துமலை மூன்று வருடமாக ஞாயிறுதோறும் சைக்கிள் விட்டார். எழுதினவர் வாயாலேயே அதை மாற்றிச் சொன்னால் போதும் என்பது அவர் கணக்கு. மேடு ஏறும்போது கேட்பார், தண்ணீர் குடிக்க நிற்கும்போது கேட்பார். பதில் ஒன்றுதான்.

"அங்க இடுகாடே கிடையாது தம்பி. எங்க அப்பா தோட்டம், எனக்குத் தெரியாதா?"

இடம் எது என்று பத்துமலைக்கே நிச்சயமில்லை. அக்காவைப் புதைக்கும்போது அவருக்குப் பதினோரு வயது. பிறகு ரப்பர் மரங்களை வேரோடு சாய்த்தார்கள், தொழிலாளர் லயத்து வீடுகளை இடித்தார்கள், மேட்டையும் பள்ளத்தையும் கலந்து தள்ளி எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். ஓடைப் பக்கம் எங்கேயோ இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார்.

அன்று காலையும் இருவரும் தஞ்சோங் ரம்புத்தானைத் தாண்டி, தார் ரோடு முடிந்து, மேட்டுத் தோட்டத்துச் சரளைப் பாதையில் ஏறினார்கள். ஒரு மேடு, ஒரு பள்ளம், மறுபடி ஒரு மேடு. நுரையீரல் வாய்வழியே வந்து ஹேண்டில்பாரில் உட்கார்ந்துகொள்ளும் அப்படிப்பட்ட மேடு. அதன் உச்சியில் ஏறிவிட்டால் ஈப்போ சைக்கிள்காரர்கள் உயிரை விடும் குலுக்கு இறக்கம். பாதைக்குக் குறுக்கே ஒரே அளவு இடைவெளி விட்டுச் சின்னச் சின்னக் குழிவுகள். சக்கரம் இறங்கி ஏறும். டுக். டுக். டுக். உடம்பெல்லாம் கிச்சுக்கிச்சு மூட்டினாற்போல் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை லாரியில் சரளை கொண்டுவந்து நிரவுவார்கள். இரண்டு மழை பெய்தால் அதே இடத்தில் அதே குழிவுகள் திரும்ப வந்துவிடும். பத்துமலை அதில் நூறு தடவையாவது "ஹோய்!" என்று கத்திக்கொண்டு இறங்கியிருப்பார். அவரைக் கேட்டால் ஆயிரம் என்பார்.

மணி ஒன்பது. மேலே வெயில். கீழே செம்பனை மட்டைகள் இரண்டு பக்கமும் கவிந்து, பட்டப்பகலைப் பானைக்குள் போட்டு மூடியதுபோல் இருந்தது.

முதலில் வந்தது நாற்றம்.

வாளியில் தங்கிப் புளித்த ரப்பர்ப் பால், அதன் மேல் மூக்கைக் கடிக்கும் அமோனியா. பத்துமலை பிறந்தது ரப்பர்த் தோட்டத்தில், முப்பத்தொரு வருடம் உழைத்தது ரப்பர்க் கையுறைத் தொழிற்சாலையில். அவர் வாய் பொய் சொல்லும். மூக்கு சொல்லாது. ஆனால் அந்தத் தோட்டத்தில் இப்போது ஒரு ரப்பர் மரம்கூட இல்லை.

இறக்கத்தின் பாதியில் பின்சக்கரம் கனத்தது. இறங்கிப் பார்த்தார்.

டயரிலிருந்து வெள்ளையாகப் பால் சொட்டிக்கொண்டிருந்தது.

அதில் மட்டும் அதிசயம் இல்லை. இந்தச் சைக்கிள் டயருக்குள் டியூப் கிடையாது. முள் குத்தினால் ஓட்டை தானே அடைபட உள்ளே கொஞ்சம் ரப்பர்ப் பால் ஊற்றி வைப்பார்கள். சின்னக் கோப்பி கிளாஸில் பாதி இருக்கும். ஆனால் இந்த டயரில் காற்று இறங்கவே இல்லை. கல்லுப்போல் நின்றது. பால் மட்டும் வந்தது.

அடைக்கப்பனும் நிறுத்தி, குனிந்தார். "கல்லு கிழிச்சிருக்கு."

"கல்லு இல்லண்ணே. வெட்டு."

"மெதுவாப் பேசு. ஏன் கத்துற?"

"நான் கத்தலையே."

இருவருமே கிசுகிசுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

டயரின் பக்கவாட்டில் சாய்வாக ஒரு கோடு. தோல் மட்டும் சீவி, உள்நூலைத் தொடாத வெட்டு. நல்ல பால்வெட்டுக்காரி மரத்துக்கு நோகாமல் பட்டையை மட்டும் இழைப்பாளே, அப்படி. கோட்டின் நுனியில் நகக்கீறல் போல மேல்நோக்கி ஒரு சுழிப்பு.

முத்தம்மா இடக்கைக்காரி. உளியை எடுக்கும்போது அவள் கை அப்படித்தான் சுழிக்கும். "மரத்துல கோலம் போடுறியாடி?" என்று கங்காணி அதற்காகவே அவளை மர நிரை முழுக்கத் திட்டிக்கொண்டு வருவான். மழைக்கு மறுநாள், ஈரக் கிளை முறிந்து தலையில் விழுந்த காலையிலும், அவள் கடைசியாக வெட்டிய மரத்தில் அந்தச் சுழிப்பு இருந்தது. பதினோரு வயதில் அவர் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

டயருக்குக் கீழே ஒரு மங்கு இருந்தது. பால் மரத்தில் கட்டுகிற அதே மண் கிண்ணம், விளிம்பு உடைந்தது. சைக்கிளை நிறுத்தும்போது அது அங்கே இல்லை.

"அண்ணே, இதை நீங்க வச்சீங்களா?"

அடைக்கப்பன் அடுத்த மர நிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரக்.

பட்டையில் உளி இழைக்கிற சத்தம்.

சரக்.

செம்பனையில் யாரும் பால் வெட்டுவதில்லை.

சரக். இப்போது பக்கத்தில்.

நின்றுவிட்டது.

மங்கு நிரம்பி வழிந்தது. வழிந்த பால் சரளைக்கல் மேல் ஊர்ந்தது. இறக்கத்தில் இறங்க வேண்டியது நியாயம். அது மேட்டைப் பார்த்து ஏறியது. அவசரப்படாமல், வழி தெரிந்தவள் போல ஏறிப் போய் முதல் குழிவில் தேங்கியது. சைக்கிளில் போகும்போது வெறும் பள்ளமாகத் தெரிந்த குழிவுக்குப் பால் நிரம்பியதும் விளிம்பு வந்தது. நான்கு மூலை வந்தது.

ஆறடி நீளம். இரண்டடி அகலம்.

பிறகு அடுத்தது. அதற்கடுத்தது.

"மழைத்தண்ணி" என்றார் அடைக்கப்பன், குரலே இல்லாமல்.

"மழை பேஞ்சு பத்து நாளாச்சுண்ணே."

பால் ஏறிக்கொண்டே இருந்தது. பத்துமலை பதினேழு எண்ணினார். அதற்கு மேல் பாதை வளைந்துவிட்டது. பாதை நெடுக வெள்ளை வெள்ளையாக, துணி போர்த்திப் படுக்க வைத்தாற்போல.

அவர் கால் எதன் மேல் நிற்கிறது என்று அப்போதுதான் குனிந்து பார்த்தார்.

காலுக்கடியில், சரளைக்குள்ளிருந்து, சோர்ந்த குரல் ஒன்று வந்தது. கோபமில்லை. வேலை முடிந்து படுத்தவள் தூக்கத்தில் சொல்வது போல.

"மெல்லப் போடா மலை. குலுங்குது."

அவரை 'மலை' என்று கூப்பிட்டவள் ஒருத்திதான்.

பத்துமலை சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, பாதையை விட்டு விலகி, புல்லில், முள்ளில், அட்டைக் கடியில், தார் ரோடு வரைக்கும் நடந்தார். ஒரு சக்கரம்கூட அங்கே தரையில் படவில்லை. அடைக்கப்பன் அதற்குள் தஞ்சோங் ரம்புத்தானில் இருந்தார். அறுபத்தாறு வயதில் அவர் அன்று ஓட்டிய வேகத்தைச் சிறுத்தை பார்த்திருந்தால் வேலையை விட்டிருக்கும்.

பத்துமலை இதைச் சொல்லி முடித்தபோது கடையில் யாரும் சிரிக்கவில்லை. நவமணி நாற்காலியை அடைக்கப்பன் பக்கம் திருப்பினாள்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. கேட்டுச்சா இல்லையா?"

"காத்து."

"பால்?"

"பஞ்சர்னா பால் வரத்தானே செய்யும்? அவன் வாயில விழுந்தா ஒரு சொட்டு ரெண்டு வாளி ஆயிடும். உனக்குத் தெரியாததா நவமணி?"

பத்துமலை கோப்பையைத் தள்ளி வைத்தார். "சரிண்ணே. வாளி பொய். பால் பொய். நான் பொறந்ததே பொய்னு வச்சுக்குங்க. செவ்வாய்க்கிழமை வந்து, அங்க ஒரு இடுகாடு இருந்துச்சுன்னு ஒரே வார்த்தை. எங்க அக்கா மேல நூறு தடவை ஏறிக் கத்தியிருக்கேன் அண்ணே. நான் தெரியாமச் செஞ்சேன். அடுத்த வாரம் மண்ணு வெட்டுற எந்திரம் வந்துச்சுன்னா, அவ எலும்பு எந்த லோங்காங் சாக்கடையில போய் விழுமோ."

"இல்லாத இடத்தை இருக்குன்னு எப்படித் தம்பி சொல்றது?" அடைக்கப்பன் தேநீரைக் கலக்கினார். அதில் சீனியே இல்லை. "எழுதிக் குடுத்தது எழுதிக் குடுத்ததுதான். எங்க அப்பாவும் போயிட்டாரு. பழசைக் கிளறி யாருக்கு என்ன லாபம்?"

"அலாமா! யாரு அங்கிள் இங்க பால் கொட்டினது?"

தினேஸ்வரி தரை துடைக்கும் துணியோடு நின்றாள். அடைக்கப்பனின் நாற்காலிக்குக் கீழே தரை வெள்ளையாக இருந்தது. அவள் துடைத்தாள். பிழிந்தாள். திரும்பிப் பார்த்தபோது அது மறுபடி அங்கே இருந்தது.

"டின் பாலா இது? என்ன இந்த நாத்தம்?"

நவமணிக்கும் வந்தது அந்த நாற்றம். புளித்த, மூக்கைக் கடிக்கிற நாற்றம். சைக்கிள்கள் எல்லாம் வெளியே, ரோட்டோரத்தில் நின்றன. மேசையில் எந்தக் கோப்பையும் கவிழவில்லை.

தினேஸ்வரி இன்னொரு முறை துடைத்தாள். பால் துணிக்குப் பின்னாலேயே ஊறி வந்தது. பரவவில்லை. நாற்காலியைச் சுற்றி நேராக ஓடி, மூலை திரும்பி, மறுபடி நேராக ஓடி, தொடங்கிய இடத்தில் வந்து சேர்ந்தது.

நவமணி முப்பது வருடம் எத்தனையோ பேரைக் கட்டிலில் கிடத்தி அளவு பார்த்தவள். எழுந்து இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

ஆறடி நீளம். இரண்டடி அகலம். நடுவில் அடைக்கப்பன்.

அவர் குனிந்து பார்த்தார். காலைத் தூக்கவில்லை. கரண்டி கையிலிருந்து விழுந்து, பாலில் சத்தமில்லாமல் அமிழ்ந்தது. அமிழும் அளவுக்கு அந்தத் தரையில் ஆழம் இல்லை.

"அண்ணே, எந்திரிச்சு வாங்க" என்றார் பத்துமலை.

"விடு." அடைக்கப்பன் நவமணியைப் பார்த்துப் பேசினார், பத்துமலையைப் பார்க்க முடியாதவர் போல.

"நடந்துச்சும்மா. அவன் சொன்னதெல்லாம் நடந்துச்சு. செவ்வாய்க்கிழமை நான் வாரேன்." மூச்சு வாங்கியது. "ஆனா அவன் வாழ்க்கையிலயே இன்னிக்குத்தான் கொறைச்சுச் சொல்லியிருக்கான். குழி பதினேழு இல்ல. முப்பத்தொண்ணு. அந்தக் கடிதாசில கையெழுத்துப் போடுறதுக்கு முந்தின நாள் நேர்ல போய், ஒவ்வொண்ணா நடந்து, நான்தான் எண்ணினேன்."