வாசலில் குனிந்தவர்

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கடை திறந்ததும் அம்மையப்பன் வந்துவிடுவார். சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து பஸ் ஏறி, துபாய் தேராவில் இருக்கும் கலீலுர் ரஹ்மானின் துணிக்கடைக்கு நேராக வருவார். அங்கே கொக்கியில் ஒரு நீலக் கவுன் தொங்கும். கழுத்தில் வெள்ளை லேஸ். அதைத்தான் கேட்பார்.

"பாய், இது என்ன வெல?"

உடனே கடைக்காரரின் மகள் ஃபஸ்னா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அவளுக்குப் பத்து வயது. வாரத்தின் நல்ல வேடிக்கை இனிமேல்தான்.

"அறுபது திர்ஹம். அண்ணாச்சிக்காக அம்பத்தஞ்சு."

"இருவது."

"இருபதுக்குப் பொத்தான் தாரேன். கவுனை நீங்க தச்சுக்கோங்க."

"பொத்தான் நல்லாத்தான் இருக்கு பாய். கவுன்தான் கொஞ்சம் பழசாத் தெரியுது."

நடுவில் டீ வரும். டீயோடு அம்மையப்பனின் மகள் தாமரையும் பேச்சில் வந்துவிடுவாள். அவர் அவளைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது.

"எந்திரி தாயி. எம் மகளுக்கும் ஒன் வயசுதான்" என்று சொல்லி, கவுனை ஃபஸ்னாமேல் வைத்துப் பார்ப்பார். "லீவு கெடச்சதும் இத வாங்கிட்டுத்தான் பிளேன் ஏறுவேன்."

பிறகு விலை கேட்டுக் கோபம் வந்தவர்போல விறுவிறுவென்று வாசலுக்குப் போவார். அங்கே குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வார். அந்தச் செருப்பில் ஒரு குறையும் கிடையாது. உள்ளேயிருந்து கூப்பிடுவதற்கு அவர் கொடுக்கும் நேரம் அது. ஃபஸ்னாவின் வாப்பா அந்த நேரத்தை அளந்து பார்த்துக் கூப்பிடுவார்.

"அண்ணாச்சி, வாங்க. என்னதான் கேக்குறீங்க?"

அம்மையப்பன் திரும்பி வருவார். பேச்சு நாற்பதுக்கு இறங்கி நிற்கும். "லீவு கெடைக்கட்டும் பாய்" என்று கிளம்பிவிடுவார். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் அறுபதிலிருந்து தொடங்கும்.

ஒருநாள் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது.

கொண்டுவந்தவர் டை கட்டிய வெங்கட்ராமன். "ஒவ்வொரு சரக்குக்கும் கடைசி விலை ஒண்ணே ஒண்ணு. உள்ள போட்டாச்சு. இனிமே உங்க தொண்டைக்கு ரெஸ்ட் சார்."

வாப்பாவுக்கு ஒரே பெருமை. உம்மா அதற்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டார். பொய் சொல்லக் கூடாது, கூட்டம் சீக்கிரம் நகர்ந்தது, பில்லில் தப்பு வரவில்லை, வாப்பா சோறு ஆறுவதற்குள் வீட்டுக்கு வந்தார்.

வெள்ளிக்கிழமையும் வந்தது.

"பாய், இது என்ன வெல?"

வாப்பா விசையைத் தட்டினார். "நாப்பது."

"இருவது."

"நான் சொல்லல அண்ணாச்சி. கம்ப்யூட்டர் சொல்லுது. நாப்பதுதான்."

அம்மையப்பன் கவுனின் லேஸைத் தடவிப் பார்த்தார். ஒரு மணி நேரம் பேசி, டீ குடித்து, வாசல் வரை போய்வந்து சேர்கிற விலை, முதல் வார்த்தையிலேயே வந்து நின்றுவிட்டது. இனி என்ன பேசுவது?

அவர் மெல்ல வாசலுக்குப் போனார். குனிந்தார். செருப்பு வாரைக் கழற்றினார், மாட்டினார். மறுபடியும் கழற்றினார்.

வாப்பா அடுத்த ஆளின் பில்லைத் தட்டிக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. அம்மையப்பன் நிமிர்ந்து, தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை. ஸ்டூல் சும்மாவே கிடந்தது. ஃபஸ்னா வாசலையே பார்த்தாள். மாதங்கள் ஓடின.

ஒருநாள் கம்ப்யூட்டரைச் சரிபார்க்க வந்த வெங்கட்ராமன் திரையைக் காட்டினார். "இந்த நீலக் கவுன் ஆறு மாசமா விக்கல சார். விக்காத சரக்கெல்லாம் தம்மாமுக்குப் போற மூட்டையில தள்ளிடுங்க."

வாப்பா கவுனைக் கொக்கியிலிருந்து எடுத்தார்.

"வாப்பா, அது விக்காத சரக்கு இல்ல" என்றாள் ஃபஸ்னா. "பேசிக்கிட்டு இருக்குற சரக்கு."

வெங்கட்ராமன் சிரித்தார். "கம்ப்யூட்டருக்கு ரெண்டே ரெண்டுதாம்மா தெரியும். வித்தது, விக்காதது."

"மூணாவதா ஒண்ணு வைங்க அங்கிள்."

"அதுக்கு நான் ரெண்டு நாள் உக்காரணும்."

"அரை நாள்."

"என்னம்மா, பேரமா? ஒண்ணரை நாளாவது ஆகும்."

"அரை நாள். உம்மா பிரியாணி போடுவாங்க."

"ஊஹூம். முடியாது."

"சரி அங்கிள்."

ஃபஸ்னா விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். அங்கே குனிந்தாள். அவள் காலில் செருப்பே இல்லை. ஆனாலும் குனிந்தபடியே இருந்தாள்.

வாப்பா அதைப் பார்த்தார். கையிலிருந்த கவுனையும் பார்த்தார்.

"கூப்பிடுங்க சார்" என்றார் மெதுவாக. "வாசல்ல குனிஞ்சு நிக்கிறவங்களக் கூப்பிடணும். அன்னைக்கு நான் கூப்பிடல."

வெங்கட்ராமனுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் கூப்பிட்டார். "சரி, வாம்மா. ஒரு நாள். பிரியாணி உண்டுல்ல?"

அந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. அதனால் அவர் ஆங்கில எழுத்திலேயே 'பேச்சு' என்று மூன்றாவதாக ஒன்றை வைத்துக் கொடுத்தார். கவுன் கொக்கிக்குத் திரும்பியது.

பேசத்தான் ஆள் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் ஃபஸ்னா ஸ்டூலை வாசலிலேயே போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் யார் யாரோ இறங்கினார்கள்.

ஒரு நாள், எதிர்க்கடை ஓரமாக ஒருவர் நின்று இந்தப் பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கினார்.

"மாமா, வாங்க" என்று தெருவே கேட்கும்படி கூப்பிட்டாள் ஃபஸ்னா. "என்னதான் கேக்குறீங்க?"

அம்மையப்பன் நின்றார். தெருவைத் தாண்டி வந்தார்.

"கம்ப்யூட்டர் கோவிச்சுக்கிடாதா தாயி?"

"அதுக்கிட்ட சொல்லியாச்சு மாமா."

அவர் முகம் மலர்ந்தது. "லீவு கெடச்சிட்டு. புதன்கெழம பிளேன்."

பழக்கப்படி கவுனை எடுத்து ஃபஸ்னாமேல் வைத்தார். அது முட்டிக்கு மேலேயே நின்றுவிட்டது. வாராவாரம் பார்த்தபோது யாருக்கும் தெரியவில்லை. நடுவில் விட்டுப்போன மாதங்கள் காட்டிக்கொடுத்தன.

"அப்ப தாமரையும்..." என்றார் அம்மையப்பன். உள்ளங்கையைக் காற்றில் வைத்து, கொஞ்சம் உயர்த்தினார். இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். எங்கே நிறுத்துவது என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை.

ஃபஸ்னா உள்ளே ஓடினாள். அதே நீலத்தில், அதே லேஸ் வைத்த பெரிய கவுனோடு வந்தாள். "இத எடுங்க மாமா. இன்னும் வளர்ந்தாலும் பத்தும்."

வாப்பா கம்ப்யூட்டரை அணைத்துப் பூப்போட்ட உறையால் மூடினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அறுபது, அண்ணாச்சி."

"இருவது."

டீ இரண்டு தடவை வந்தது. வாசல் வரை ஒரு தடவை போய்வந்தாயிற்று. கடைசியில் விலை நாற்பதில் வந்து நின்றது.

"கம்ப்யூட்டரும் இதத்தான் சொல்லிச்சு" என்றார் வாப்பா.

"கெட்டிக்காரப் பெட்டிதான். டீதான் குடிக்க மாட்டேங்கு."

பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அம்மையப்பன் கிளம்பினார். வாசலில் பழக்கத்தில் குனிந்தார். பேசுவதற்கு இனி ஒன்றும் பாக்கி இல்லை.

ஆனாலும் ஃபஸ்னா கூப்பிட்டாள்.

"மாமா, தாமரை எவ்வளவு உயரம்னு வந்து சொல்லணும். அடுத்த கவுனக் கொக்கியில மாட்டணும்."

அம்மையப்பன் திரும்பிப் பார்த்தார். "அது என்ன வெல தாயி?"

"அறுபது" என்றாள் ஃபஸ்னா.