கதவைப் பற்றிப் பேசாதே

காலையிலிருந்து குனிந்து குனிந்து கேபிள் மாட்டியதில் டெஸ்டருக்கு இடுப்பு இற்று விழுந்துவிடும் போலிருந்தது. சாப்பாட்டு நேரம், ஜன்னலில்லாத சோதனைக்கூடத்தில் அவர் மட்டும். கம்பிவலைக் கூண்டுக்குள் உயர் அழுத்த மெஷின் ஒரே சுருதியில் முனக, சூடான ரப்பர் நாற்றம் தொண்டையில் ஒட்ட, மேசைக் கம்ப்யூட்டர் வழக்கம்போல விட்டுவிட்டு மெஷினை நலம் விசாரித்துக்கொண்டிருந்தது. மெஷின் ஓர் எண்ணில் பதில் சொல்லும். 0 என்றால் எல்லாம் சரி. 4 என்றால் கூண்டுக்கதவு திறந்திருக்கிறது. உடனே கம்ப்யூட்டர் கரண்டை அறுத்துவிடும்.

4 வந்தது. முனகல் அடங்கியது.

கதவு பூட்டித்தான் கிடந்தது, புதுத் தாழ்ப்பாளோடு. மறுபடி கேட்டார். 0. ஒருமுறை சொன்னதை மெஷின் அப்போதே மறந்துவிடும். அந்த மறதிதான் போன மாதம் அவரைக் காப்பாற்றியது.

அப்போது பழைய தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது. சும்மா சும்மா 4 வந்து வேலை நின்றது. "இன்னொரு தடவ நின்னா உன் சீட்டு கிழியும்" என்றார் சூப்பர்வைசர். கதவைப் பற்றி வாயைத் திறக்காதே என்று மெஷினுக்குக் கட்டளை எழுதினார் டெஸ்டர். அன்று பார்த்து மகளுக்குக் காய்ச்சல்.

"போடா, உன் ஷிப்ட நான் பாத்துக்கறேன்," என்றான் கூட வேலை செய்த நெட்டையன். "சும்மா இல்ல, கடன். செத்தாலும் வந்து வசூல் பண்ணுவேன்."

கட்டளையைப் பற்றி அவனிடம் சொல்ல மறந்துபோனார். கதவைத் திறந்தாலே கரண்ட் போய்விடும் என்று நம்பி உள்ளே கை வைத்த நெட்டையன் கருகிச் செத்தான். விசாரணைக்கு முன் கட்டளையை அழித்துவிட்டு மெஷினிடம் ஒருமுறை கேட்டார் டெஸ்டர். 4 என்றது. மறந்தது. விசாரணையில் தடயம் எதுவும் சிக்கவில்லை.

இப்போது மீண்டும் கரண்டைப் போட்டார். மறுபடி 4. சூப்பர்வைசருக்குப் போன் செய்தார்.

"கதவு பூட்டியிருக்கு சார். திறந்திருக்குன்னு சொல்லுது."

"அதுக்கு நான் வந்து மந்திரிக்கணுமா? உள்ள போய்ப் பாருய்யா."

கதவை அகலத் திறந்து, ஸ்டூலை முட்டுக்கொடுத்து, உள்ளே போனார். திறந்திருக்கும்வரை பயமில்லை. மெஷின் பக்கத்தில், ரப்பர் நாற்றத்துக்கு அடியில் வேறு நாற்றம். கருகிய மயிர்.

வெளியே கீபோர்டு சத்தம்.

திரும்பினார். வலைக்கு அப்பால், அவருடைய நாற்காலியில், முதுகு காட்டி ஒருவன். மேசைக்கடியில் அடங்காத கால்கள். கருத்த விரல்கள். அவர் அழித்த கட்டளை எழுத்தெழுத்தாகத் திரையில் ஏறியது.

கதவு திறந்தே இருந்தது. ஸ்டூல் அசையவில்லை. அவர் காலும் அசையவில்லை.

திரையில் 0.

மெஷின் முனகத் தொடங்கியது.

நெட்டையனுக்கு அவர் ஒரு ஷிப்ட் பாக்கி.