தும்பையின் காலில் யார் ஷூ?

ஆம்பூரில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக யாரைப் பார்த்தாலும் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், காலைத்தான் பார்ப்பார்கள். வீட்டுக்கு ஒருவராவது ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிற ஊரில் வேறு எப்படி இருக்கும்? ஆறாம் வகுப்பு படிக்கும் நிஷாவின் அம்மா அப்படி ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறார். கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தவரிடம் மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால், "இடது ஷூவுல தையல் கோணல்" என்பார்.

அந்தப் பழக்கம் நிஷாவுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த வாரம் அவளுக்குக் காலைப் பார்க்கவெல்லாம் நேரமில்லை. தலையே சுற்றிக்கொண்டிருந்தது.

எல்லாம் பள்ளி நூலகச் சுவரால் வந்தது. புதிதாக வெள்ளையடித்த அந்தச் சுவரில், 'ஏழு மலைக் காவல்' படக்கதையிலிருந்து ஒரே ஒருவரை வரையலாம் என்று மோகனா டீச்சர் சொல்லிவிட்டார். அது மாதப் பத்திரிகையில் வருகிற கதை. பெரியவர்கள் சிறுவர்களாக இருந்தபோது தொடங்கியது, இன்னும் முடிந்தபாடில்லை. பழைய கதைகளில் நாயகன் இடிமாறன். பறக்கும் எருமையில் வருவான், ஒரே உதையில் அரக்கனை மலைக்கு அந்தப் பக்கம் அனுப்புவான். ஒருநாள் அவன் ஏழாவது மலையின் பனிமூட்டத்துக்குள் போனான். திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு வந்தவள் தும்பை. இருட்டைக் கண்டால் நடுங்குகிற சிறுமி. அவளுக்குத் துணை, எப்போதும் தும்முகிற ஒரு களிமண் பொம்மை.

இடிமாறனா, தும்பையா? வகுப்பே சரிபாதியாகப் பிரிந்து கை தூக்கியது. நிஷா மட்டும் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தாள். வெள்ளிக்கிழமை நிஷா வந்து சொல்லட்டும் என்று டீச்சர் முடித்துவிட்டார்.

இதில் சிக்கல் என்னவென்றால், இடிமாறன் கட்சிக்குத் தலைவன் தபரேஸ். தும்பை கட்சிக்குத் தலைவி சௌந்தர்யா. இருவருமே நிஷாவின் நெருங்கிய தோழர்கள். மூவரும் ஒரே ஷேர் ஆட்டோவில்தான் பள்ளிக்குப் போவார்கள். இப்போது தபரேஸ் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டான். சௌந்தர்யா பின்னால் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காய்ச்சல் விட்டதும் தபரேஸ் வந்து, "நம்ம இடிமாறன்தான நிஷா?" என்று கேட்டான். என்ன சொல்வதென்று தெரியாமல் நிஷா தலையை ஆட்டினாள். சற்று நேரத்தில் சௌந்தர்யா வந்து தும்பைக்காகக் கேட்டாள். அதற்கும் நிஷா தலையை ஆட்டினாள். அது மேலும் கீழும் இல்லை, இடமும் வலமும் இல்லை. நம் ஊரில் எல்லோரும் ஆட்டுகிற ஓர் ஆட்டம். இருவருமே அதை 'சரி' என்று எடுத்துக்கொண்டு, தங்கள் கட்சியில் வெற்றிச் செய்தியும் சொல்லிவிட்டார்கள்.

நிஷா வசமாக மாட்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை யார் பெயரைச் சொன்னாலும் இன்னொருவர், ஏமாற்றிவிட்டாய் என்பார். அதன்பிறகு அந்த ஆட்டோவில் பேசுவதற்கு ஒருவர்தான் மிஞ்சுவார். அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

சரி, படித்தாவது பார்ப்போம் என்று இருவரிடமும் புத்தகங்களை வாங்கினாள். தபரேஸ் கொடுத்தவை அவன் மாமு மஹபூப் பாஷா சேர்த்து வைத்தவை. ஷூ கம்பெனியில் மிச்சமான தோல் துண்டுகளால் அட்டை போட்டிருந்தார். சௌந்தர்யா கொடுத்தவை புத்தம் புதியவை.

இடிமாறனைப் படித்தபோது இவன்தான் என்று தோன்றியது. ஆனால் அவன் ஜெயித்துக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் கொட்டாவி வந்தது. தும்பையைப் படித்தபோது இவள்தான் என்று தோன்றியது. ஆனால் அவள் ஒரு கதவைத் திறக்கவே மூன்று பக்கம் யோசித்தாள். அவன் சிரிக்க வைத்தான். இவள் அழ வைத்தாள். எருமையை விட்டுக்கொடுக்க மனமில்லை. பொம்மையையும் விட முடியவில்லை. படிக்கப் படிக்கத் தெளியும் என்று நினைத்தவளுக்கு இன்னும் குழம்பியது.

கடைசியில் ஒரு படத்தில் அவள் கண் நின்றது. நிழல் பறவைக்குப் பயந்து தும்பை ஓடுகிறாள். அவள் ஷூ கழன்று விழுகிறது. நிஷா வழக்கம்போல் காலைப் பார்த்தாள். ஷூ தும்பைக்கு ரொம்பப் பெரியது. கயிறு போட்டுக் கணுக்காலில் கட்டியிருந்தாள். இடது ஷூவின் முனையில் ஒரு சிவப்பு ஒட்டு, அதில் கோணல் தையல்.

இந்தத் தையலை எங்கோ பார்த்திருக்கிறோமே?

பழைய புத்தகங்களைப் பரபரவென்று புரட்டினாள். அதோ! நெருப்புப் பாம்போடு நடந்த சண்டையில் இடிமாறனின் இடது ஷூ கிழிகிறது. அவன் தலைப்பாகையில் கொஞ்சம் கிழித்து, தானே ஒட்டுப்போட்டுத் தைக்கிறான். பெரிய வீரன்தான், ஆனால் தைக்கத் தெரியாதவன். அதன்பிறகு வந்த ஒவ்வொரு படத்திலும் அந்தச் சிவப்பு ஒட்டு இருந்தது.

தும்பை போட்டிருப்பது இடிமாறனின் ஷூ. அவன் கொடுத்தானா, அவள் கண்டெடுத்தாளா? நிஷாவுக்குக் குழப்பம் இரண்டு மடங்கானது. ஆனால் இந்தக் குழப்பம் அவளுக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் ஆட்டோவில் அவள் எதையும் விளக்கவில்லை. புதிய புத்தகத்தைத் தபரேஸிடமும் பழையதைச் சௌந்தர்யாவிடமும் நீட்டினாள். இடிமாறன் போனபிறகு வந்த எதையும் தொடமாட்டேன் என்று தபரேஸ் முறுக்கிக்கொண்டான். பழைய காகித வாசனை தும்மல் தரும் என்று சௌந்தர்யா மூக்கைப் பிடித்தாள்.

"கதைய படிக்க வேணாம். ஷூவ மட்டும் பாருங்க" என்றாள் நிஷா.

ஷூ என்றதும் ஆம்பூர்ப் பிள்ளைகளால் பார்க்காமல் இருக்க முடியுமா? பார்த்தார்கள். பிறகு தபரேஸ் முன் சீட்டிலிருந்து முழுசாகத் திரும்பினான்.

"இது எங்க ஆளு ஷூ. அப்ப அவன் இன்னா ஆனான்?"

அவன் கேட்டது சௌந்தர்யாவிடம். சண்டை வந்தபிறகு அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"தெரியல. ஆனா தும்பை தினம் தூங்கறதுக்கு முன்னாடி ஷூவ ஏழாவது மலைப்பக்கமா திருப்பி வெப்பா. ஏன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல" என்றாள் சௌந்தர்யா மெதுவாக.

அந்தப் பக்கத்தைக் காட்டு என்று தபரேஸ் கேட்டான். இதுதான் சமயம் என்று நிஷா, தான் இருவருக்கும் தலையாட்டிய கதையையும் சொல்லிவிட்டாள். அவர்கள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. சாயங்காலம் தபரேஸ் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தான்.

வெள்ளிக்கிழமை டீச்சர் கேட்டபோது நிஷா எழுந்து, "ரெண்டு பேரையும் வேணாம் டீச்சர். அந்த ஷூவ வரையலாம்" என்றாள். வகுப்பு சிரித்தது. புத்தகங்கள் கை மாறிச் சுற்றி வந்தபோது சிரிப்பு அடங்கி, சலசலப்பு கிளம்பியது. கடைசியில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

இடது ஷூவைத் தபரேஸ் வரைந்தான். வலது ஷூவைச் சௌந்தர்யா வரைந்தாள்.

அந்த மாதம் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த நிஷாவின் அம்மா, நூலகச் சுவரின் முன் நின்றுவிட்டார்.

"இன்னாடி இது, இடது பெருசு, வலது சிறுசு? எங்க கம்பெனியா இருந்தா ரிஜெக்ட் பண்ணிடுவாங்க."

"அது ரெண்டு பேரோட ஷூம்மா" என்றாள் நிஷா.

யார் அந்த இரண்டு பேர் என்று அம்மா கேட்டதுதான் தாமதம். தபரேஸ் எருமையிலிருந்து ஆரம்பித்தான், சௌந்தர்யா பொம்மையிலிருந்து ஆரம்பித்தாள். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் கேட்காமல் போக மனமில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நூலகப் படியில் உட்கார்ந்தார்.

"ஒருத்தர் ஒருத்தரா சொல்லுங்க. யார் கதைய மொதல்ல கேக்கறது?"

தபரேஸும் சௌந்தர்யாவும் ஒன்றாகத் திரும்பி நிஷாவைப் பார்த்தார்கள்.

நிஷா தலையை ஆட்டினாள்.